மறியலில் இருந்து ஓ.எல். எழுதியவன் சொல்வது

2008 கடைசியில், போரில், கிளிநொச்சி மாவட்டத்துப் பரந்தனை விட்டு இடம்பெயர்ந்தபோது நான் தரம் 9. அதன்பிறகு புத்தகத்தை ஒழுங்காகத் தொட்டது 26 வயதில், மறியலில், அதாவது சிறையில். வழக்கைப் பற்றி இங்கே எழுதவில்லை, தண்டனை முடிந்துவிட்டது. உள்ளே இருந்து சாதாரண தரம் (ஓ.எல்., தரம் 11 முடிவில் வரும் அரச பரீட்சை) எழுத நினைக்கும் தம்பிமாருக்கும், அதைவிட அவர்களுடைய வீட்டாருக்கும்தான் இது.

முதலில் கடதாசி வேலை. நாங்கள் தனிப்பட்ட பரீட்சார்த்திகள், பள்ளிக்கூடம் வழியாக எழுதுபவர்கள் இல்லை, அடையாள அட்டை வேண்டும். என்னுடையது தொலைந்திருந்தது, பிறப்புச் சான்றிதழ் இடம்பெயர்வோடேயே போய்விட்டது. அம்மா விதானையிடமும் (கிராம அலுவலர்) பிரதேச செயலகத்துக்கும் அலைந்து எடுப்பதற்குள் விண்ணப்ப முடிவுத் திகதி கடந்துவிட்டது. ஒரு வருடம் வீண். ஆகவே புத்தகம் வாங்க முன்னம் அட்டையைத் தேடுங்கள். பரீட்சை எழுத, உள்ளே இருப்பவர் தன் பெயரை எழுத்தில் கொடுக்க வேண்டும். நான் வாயால் சொன்ன பெயர் எங்கோ காணாமல் போனது.

"உள்ளே நேரம் தாராளம்தானே, இருந்து படிக்கலாம்" என்று பார்க்க வருபவர்கள் சொல்வார்கள். அப்படியில்லை. விளக்கு அணைவதில்லை, சத்தம் ஓய்வதில்லை. பக்கத்துப் பாயில் படுத்திருப்பவருக்கு மறுநாள் வழக்கென்றால் அந்த இரவு எல்லோருக்கும் வழக்குத்தான். எனக்குச் சரிவந்தது விடிய நாலு மணி தொடக்கம் கதவு திறக்கும்வரை.

கணிதத்துக்குத்தான் எல்லோரும் பயப்படுவது. 35 புள்ளி எடுத்தால் 'எஸ்', அதாவது சாதாரண சித்தி. முதலாம் பத்திரத்தில் இரண்டு புள்ளிப்படி 25 சிறு கேள்விகள் வரும். கடந்தகால வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்தால் அவை கைக்குள் வந்துவிடும். இரண்டாம் பத்திரத்தில் வட்டி, சதவீதம், பிறகு அமைப்புகள், அதாவது கேத்திரகணித உருவங்களைக் கீறுவது. அங்கேதான் சிக்கல். வட்டம் கீறும் கவராயத்தில் ஊசி இருப்பதால் அது வகுப்பு நேரத்தில் மட்டும்தான், எண்ணித் தருவார்கள், எண்ணி வாங்குவார்கள்.

மற்ற நேரத்தில் சாரத்து ஓரத்தில் உருவிய நூலைப் பென்சில் கட்டையில் கட்டி, மறுமுனையைப் பெருவிரலால் அழுத்தி வட்டம் கீறினேன். முதலில் முட்டை முட்டையாகத்தான் வந்தது: நூல் பென்சிலைச் சுற்றிக்கொண்டு ஆரையைக் குறைத்துவிடும். பென்சிலின் கூர்ப்பக்கம் நகத்தால் ஒரு பள்ளம் போட்டு நூலை அதில் இருத்தினதும் வட்டம் சரியாகச் சேர்ந்தது. பள்ளிக்கூடத்தில் கவராயம் கையில் இருந்தும் விளங்காத செங்குத்து இருகூறாக்கி அந்த நூலில்தான் விளங்கியது. அந்தப் பாட அலகின் பெயர் 'ஒழுக்குகளும் அமைப்புகளும்'. கணிதத்தில் ஒழுக்கு என்றால் ஒரு புள்ளி நகரும் பாதை, ஒழுக்கம் இல்லை. "மறியல்காரருக்கு ஒழுக்குப் படிப்பிக்கிறன்" என்று எங்கள் மாஸ்ரர் ஒவ்வொரு வகுப்பிலும் பகிடி விடுவார். அவரும் உள்ளே இருந்தவர்தான், முன்பு ரியூசன் நடத்தியவர்.

தச்சுவேலையும் உள்ளேதான் பழகினேன். இன்று சோறு போடுவது அது. பிறகு ஓ.எல். எதற்கு என்று கேட்பவர்களுக்கு: கைதிகளை நடத்தும் முறை பற்றி 2015இல் ஐ.நா. ஏற்ற மண்டேலா விதிகளில் 104ஆவது, சிறைக் கல்வி இயன்றவரை நாட்டின் கல்வி முறையோடு இணைந்திருக்க வேண்டும் என்கிறது, வெளியே வந்தபின் சிரமமில்லாமல் படிப்பைத் தொடரலாம் என்பதற்காக. மண்டேலாவே மறியலில் இருந்துகொண்டு லண்டன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். நாங்கள் எழுதுவதும் வெளிப்பிள்ளைகள் எழுதுகிற அதே தாள். எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

வீட்டாருக்கு இன்னும் இரண்டு. கம்பிக் கட்டுப் போட்ட கொப்பி வேண்டாம், தைத்த கொப்பியே கொண்டுபோங்கள். விளக்கமறியலில் (வழக்கு முடியாமல் உள்ளே) இருப்பவர் என்றால், பரீட்சை நேரசூசி கிடைத்த அன்றே சட்டத்தரணியிடம் கொடுத்துவிடுங்கள், வழக்குத் தவணை அந்த நாட்களில் விழாமல் கேட்டுப் பார்ப்பார்.

அப்புறம் பரீட்சைச் சுட்டெண். அதை வீட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும், பெறுபேறு இணையத்தில்தான் முதலில் வரும். என்னுடையதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை போனில் பார்த்து அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறது. அடுத்த சந்திப்பு நாளில் சரியான இரைச்சல், அவர் சொன்னது ஒன்றும் கேட்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, ஆங்கிலம் தெரியாத அம்மா, விரலால் காற்றில் ஒரு 'எஸ்' கீறிக் காட்டினார். எனக்கு அது மறுபக்கமாகத் தெரிந்தது.