கந்தப்பளை வரைக்கும் பழைய கோச்சி றோட்டு

நானுஓயாவில் இருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்கு ஒரு காலத்தில் கோச்சி ஓடியது என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. 1903-04இல் திறந்த பாதை. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே இரண்டரை அடி அகலம்தான். தோட்டங்களின் தேயிலையை இறக்க, அரிசியும் உரமும் ஏற்றப் போட்டது. லொறியும் பஸ்ஸும் வந்ததும் வருமானம் விழுந்து, 1940களில் நின்றே போனது.

ஆனால் சைக்கிள்காரருக்கு அது விட்டுப்போன சொத்து பெரிது. சின்ன எஞ்சின் மூச்சு வாங்காமல் ஏற வேண்டுமே, அதனால் மலையைச் சுற்றிச் சுற்றி மெதுவாக ஏற்றியிருக்கிறார்கள். பழைய தடம் இருக்கும் இடங்களில் கால் வலிக்காமல் மிதிக்கலாம். மெயின் றோட்டில் இறங்கித் தள்ளும் நமக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

கந்தப்பளை ஆறாயிரம் அடிக்கு மேல். கிட்டப் போகப்போக ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் லீக்ஸும் கரட்டும் கோவாவும். பீலிக்கரையில் கரட் கழுவிக்கொண்டிருந்த அக்கா ஒருவர், "தம்பி, வெறும் வயித்தோட மிதிக்காதீங்க" என்று மண் போகக் கழுவிய இரண்டைக் கையில் வைத்தார். அந்தக் குளிரில், அந்த இனிப்பு!

பாதை இப்போது துண்டு துண்டாகக் கிடக்கிறது. சில இடம் றோட்டு, சில இடம் தோட்டம், சில இடம் காடு. மிச்சத்தையாவது சைக்கிளுக்கும் நடைக்கும் ஒதுக்கினால் நம் லயத்துப் பிள்ளைகளே வழிகாட்டியாகப் போகலாம், வீட்டு வாசலில் ரொட்டியும் தேத்தண்ணியும் விற்கலாம். பிரதேச சபைகள் இதைக் கையில் எடுக்க வேண்டும்.

போகிறவர்கள் காலையிலேயே கிளம்புங்கள், பின்னேரம் பனி மூடிவிடும். லைட்டும் மழைக்கோட்டும் கட்டாயம். தோட்டத்துக்குள் நுழையுமுன் கேட்டுவிட்டுப் போங்கள். இராகலைப் பக்கத் தடம் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், அடுத்து அங்கேதான்.