ஒரு படகு ஏற 5 லட்சம் லிட்டர்

பிரான்சில் கால்வாய்ப் படகில் குடியிருக்கிறோம் என்று சொன்னதும் எல்லோரும் கேட்பது வைன், சீஸ், மேல்தளத்தில் சாய்வு நாற்காலி பற்றித்தான். அதெல்லாம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பர்கண்டி கால்வாயில் ஒரு கோடையை ஓட்டியவர்கள் இரண்டு பேர் கரையில் சந்தித்தால் பேச்சு லாக்கில், அதாவது தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் கதவு போட்ட தொட்டியில், ஆரம்பித்து தண்ணீரில் போய் நிற்கும். வைன் கையில் இருக்கும், அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். யோன் நதிக்கரை மிஜென் ஊரிலிருந்து சோன் நதிக்கரை சேன்-ஜான்-த-லோன் வரை 242 கிலோமீட்டர், அதில் 189 லாக். யோன் பக்கம் ஏற 113, அந்தப் பக்கம் இறங்க 76. உச்சி, கடல் மட்டத்திலிருந்து 378 மீட்டர் உயரத்தில். மலை மேல் படகு ஏறுகிறது என்றால் சும்மா ஏறாது, ஒவ்வொரு படிக்கும் மேலேயிருந்து ஒரு தொட்டித் தண்ணீரைக் கீழே விட்டாக வேண்டும். ஒரு லாக் சுமார் 39 மீட்டர் நீளம், 5.2 மீட்டர் அகலம், ஏற்றம் இரண்டரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால் சுமார் 5 லட்சம் லிட்டர். உள்ளே நிற்பது 38 மீட்டர் பெனிஷ் என்ற சரக்குப் படகானாலும் சரி, ஒற்றை ஆள் ஓட்டி வரும் சின்னப் பிளாஸ்டிக் படகானாலும் சரி, செலவு ஒன்றுதான்.

அதனால்தான் வெயில் காலத்தில் லாக்கைத் திறந்து மூடும் லாக்மேன் நம்மை நிறுத்தி வைக்கிறார். பின்னால் இன்னொரு படகு வருகிறது, சேர்ந்து போங்கள் என்பார். அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ, ஆள் தெரியாத ஜெர்மன் தம்பதிக்காகக் காத்திருப்போம். புதிதாக வந்தவர்கள் இதற்கு முணுமுணுப்பார்கள். எனக்கு அதில் நியாயம் தெரிகிறது, ஏனென்றால் உச்சிக்குத் தண்ணீர் தானாக வருவதில்லை. சுற்றுவட்டாரத்தில் பாந்தியே, குரோபுவா, ஷாசியி, செர்சே என்று ஏரிகள் கட்டி, மழைத் தண்ணீரைத் தேக்கி, அதிலிருந்துதான் விடுகிறார்கள். புயி-ஆன்-ஓக்சுவா ஊருக்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம் குடைந்திருக்கிறார்களே, அதுவும் இதே கவலைதான்: இன்னும் உயரே லாக் கட்டி ஏறினால் அங்கே படகு மிதக்கத் தண்ணீருக்கு எங்கே போவது? 1832-ல் திறந்த கால்வாய் இது. மழை ஏமாற்றினால் இன்றைக்கும் ஆழத்தைக் குறைப்பார்கள், ரொம்ப மோசமானால் மூடியே விடுவார்கள்.

சரி, லாக்குக்குள் என்ன நடக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். ஏறும்போது உள்ளே நுழைந்ததும் கிணற்றுக்குள் இறங்கிய மாதிரி, இரண்டு பக்கமும் பாசி வழியும் கல் சுவர், கயிறு மாட்டும் இரும்புக் குற்றி தலைக்கு மேலே எங்கேயோ. லாக்மேன் நல்லவராக இருந்தால் கொக்கியைத் தொங்கவிட்டுக் கயிற்றை வாங்கிக்கொள்வார். பின்கதவு மூடியதும் அவர் கைப்பிடியைச் சுற்றுவார், முன்கதவின் மதகு திறந்து தண்ணீர் நுரைத்துக்கொண்டு வரும், படகு பின்னால் தள்ளும், உடனே இன்ஜினை லேசாக முன்னுக்கு வைத்துக் கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். முக்கியமான விஷயம், கயிற்றை ஒருபோதும் முடிச்சுப் போட்டுக் கட்டக்கூடாது. ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்திருக்க வேண்டும். இறங்கும்போது கட்டிவிட்டால் தண்ணீர் கீழே போகும், படகு கயிற்றில் தொங்கும்.

வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர்தான், அதற்கு மேல் போனால் அலை அடித்துக் கரை சரியும். மத்தியானம் பல இடங்களில் லாக்மேன்களுக்குச் சாப்பாட்டு நேரம், அப்போது எல்லோரும் நிற்க வேண்டியதுதான். மே 1 அன்று நகரவே நினைக்காதீர்கள். மறுநாள் எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம் என்று முந்தின நாளே சொல்லிவிட்டால், ஒரே ஆள் பைக்கிலோ காரிலோ நமக்கு முன்னால் ஓடி லாக் லாக்காகத் திறந்துகொண்டே போவார். நாள் முழுக்க ஒருவர் நமக்காக உழைப்பதைப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். நான் இறங்கி ஒரு பக்கக் கதவைத் தள்ளிவிடுவேன்.

எங்கள் படகு ஒரு காலத்தில் நெதர்லாந்தில் சரக்கு ஏற்றியது, நீளம் 20 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்த 20 சும்மா இல்லை, அதைத் தொட்டால் பெரிய லைசென்ஸ் வேண்டும். விளம்பரங்களில் 19.9 மீட்டர் படகுகள் ஏன் இவ்வளவு என்று யோசிப்பவர்களுக்கு இதுதான் பதில். கால்வாய்களை நடத்தும் அரசு அமைப்பான வி.என்.எஃப்புக்கு நீளத்தைப் பொறுத்துக் கட்டணமும் கட்ட வேண்டும்.

குளிர்காலத்தில் பல கால்வாய்கள் பழுதுபார்ப்புக்காக மூடப்படும், சில பகுதிகளில் தண்ணீரையே வடித்துவிடுவார்கள். ஆகவே இலையுதிர் காலம் முடிவதற்குள் எங்கே கட்டிப்போடுவது என்று முடிவு செய்தாக வேண்டும். சேன்-ஜான்-த-லோனில் படகுக்காரர் கூட்டமே உண்டு, வெல்டிங் செய்யவும் இன்ஜின் பார்க்கவும் ஆள் கிடைக்கும், அதனால் நாங்கள் பெரும்பாலும் அங்கேதான்.

முதல் தடவை வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் படகு வாங்க வேண்டாம். வாடகைப் படகுக்கு லைசென்ஸ் தேவையில்லை, அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இளவேனிலில் வாருங்கள், ஏரிகள் நிரம்பியிருக்கும்போது. ஆகஸ்டில் வந்தால் அந்த ஜெர்மன் தம்பதிக்காக நீங்களும் காத்திருக்க வேண்டிவரும்.