பழைய ஆங்கில உயில்களில் இசைக்காரரைத் தேடுவது

1384 முதல் 1858 வரை கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றம் ஏற்ற உயில்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், பிராப் 11 என்ற வரிசையில் இருக்கின்றன. அரண்மனை இசைக்காரரை முதலில் அங்கே தேடுங்கள்; கிடைக்காவிட்டால் மறைமாவட்ட நீதிமன்றங்களின் உயில்களில் தேடுங்கள். பிராப் 11 எழுத்தர் பெயர்த்தெழுதிய படிதான். அதிலுள்ள கையொப்பத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். மூல உயில்கள் பிராப் 10இல்.

உயிலைக் கடைசியிலிருந்து படிப்பது நல்லது. அடியில் லத்தீனில் உள்ள புரொபேட் குறிப்பில், அதாவது நீதிமன்றம் உயிலை ஏற்ற குறிப்பில், தேதி கிடைக்கும். உயில் எழுதிய நாளுக்கும் அந்த நாளுக்கும் இடையில்தான் மரணம். அந்த இடைவெளி சில வாரமாகவும் இருக்கும், இசையமைப்பாளர் தாமஸ் தாலிஸுக்குப் போல இரண்டு வருஷத்துக்கு மேலாகவும் இருக்கும். 1752க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது. 1605 பிப்ரவரி என்றிருந்தால் நம் கணக்கில் 1606.

வயதை அப்படியே நம்பாதீர்கள். இசையமைப்பாளர் வில்லியம் பேர்ட் 1622 நவம்பர் உயிலில் தமக்கு எண்பதாவது வயது என்கிறார். அதை வைத்துப் பிறப்பு 1543 என்றார்கள். 1598ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றோ அப்போதே அவருக்குச் சுமார் 58 என்கிறது.

சொற்களும் வழுக்கும். 'ஒரு ஜோடி வர்ஜினல்' என்றால் ஒரே ஒரு விசைப்பலகை வாத்தியம். 'சன்-இன்-லா' (மருமகன்) என்பது மனைவிக்கு முந்தைய கணவர் மூலம் பிறந்த மகனாகவும் இருக்கலாம். மூன்று பவுன், ஆறு ஷில்லிங், எட்டு பென்ஸ் என்ற விசித்திரத் தொகை ஐந்து மார்க். மார்க் என்பது பழைய பணக் கணக்கு அலகு; ஒரு மார்க் 13 ஷில்லிங் 4 பென்ஸ்.

இசைக்காரர் என்று பெயர் இல்லாதவர்களின் உயிலையும் புரட்டுங்கள். நடிகர் அகஸ்டின் பிலிப்ஸ் 1605இல் முன்னாள் சீடனுக்கு பேஸ் வயல் என்ற வில் வாத்தியத்தையும், அப்போதிருந்த சீடனுக்கு சிட்டர்ன், பண்டோர், லூட் என்ற மீட்டும் தந்தி வாத்தியங்கள் மூன்றையும் விட்டார். நாடகக்குழுவில் என்னென்ன வாத்தியம் ஒலித்தது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி அரிது.

உயிலில் வாத்தியமே இல்லையென்றால் விதவையின் உயிலைத் தேடுங்கள். இசையமைப்பாளர் ஹென்றி பர்செல் 1695 நவம்பர் 21இல், சாகும் நாளில், எல்லாம் மனைவி பிரான்சிஸுக்கு என்று சில வரியில் முடித்துவிட்டார். 1706இல் பிரான்சிஸ் வாய்மொழியாகச் சொன்ன உயிலில்தான் எல்லாம் வெளிவருகிறது: மகனுக்கு இசைப் புத்தகங்கள் அனைத்தும், ஆர்கன், இரட்டை ஸ்பினெட், ஒற்றை ஸ்பினெட் (ஸ்பினெட் சிறு விசைப்பலகை வாத்தியம்), வெள்ளிக் கடிகாரம்.