டெஸ்டர்ல எட்டு லைட்டும் எரிஞ்சுது, கேமரா மட்டும் ராத்திரியானா செத்துப்போச்சு

ஒரு வாரத்துல முடிய வேண்டிய நெட்வொர்க் கேபிள் வேலை ஒரு மாசம் இழுத்துச்சு. கேபிள் வாங்கப்போறவங்க இதைப் படிச்சுட்டு போங்க.

பின்பக்க கேமராவுக்குக் கரண்டும் இந்த நெட்வொர்க் கேபிள் வழியாவே போகுது. பகல் பூரா நல்லா ஓடும். இருட்டினா போதும், ஆஃப் ஆகும், கொஞ்ச நேரத்துல தானா ஆன் ஆகும், மறுபடி ஆஃப். பத்து நாள் இதே கூத்து. கேமராவை மாத்தினேன், கேபிளெல்லாம் வந்து சேர்ற நெட்வொர்க் ஸ்விட்ச்சை மாத்தினேன், அதுல சொருகற போர்ட்டை மாத்தினேன், கேபிளை மட்டும் சந்தேகப்படவே இல்ல, ஏன்னா கேபிள் டெஸ்டர்ல ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்கும் வரிசையா பச்சை லைட் எரிஞ்சுது. அந்த சின்ன டெஸ்டர் கம்பி அறுந்திருக்கா, நம்பர் மாறியிருக்கானு மட்டும்தான் பார்க்கும்ங்க, கம்பி எந்த லட்சணத்துல இருக்குனு அதுக்குத் தெரியாது.

கடைசில மல்டிமீட்டரை எடுத்தேன். கேபிளுக்குள்ள இருக்கிற எட்டு கம்பியில ஒரு ஜோடியை அந்தக் கோடியில ஒண்ணா முறுக்கிட்டு இந்தப் பக்கம் ஓம், அதாவது மின்தடை, பார்த்தேன். தூரம் 60 மீட்டர், போக வர 120. கேட் 6 ரக கேபிள்ல ஒரு கம்பிக்கு 100 மீட்டருக்கு 9.38 ஓம்தான் உச்சம், அப்போ எனக்கு 11 சொச்சத்துக்குள்ள வரணும். வந்தது 16! ராத்திரி கேமரா தன்னோட இன்ஃப்ராரெட் லைட்டைப் போடும்போது கரண்ட் அதிகமா இழுக்குது, அவ்வளவு ஓம்ல வோல்டேஜ் வழியிலேயே விழுந்துடுது, கேமரா படுத்துடுது. பகல்ல ஏன் ஓடுச்சுனு அப்பதான் புரிஞ்சுது.

மிச்சம் இருந்த கேபிளை ஒரு துண்டு வெட்டி கத்தியால சுரண்டினேன். மேல செம்பு கலர், உள்ள வெள்ளை. அலுமினியத்துக்கு செம்பு முலாம் பூசினது, சிசிஏனு சொல்வாங்க. பெட்டி மேல கேட் 6-னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான், சிசிஏங்கிறதை பொடி எழுத்துல ஒரு ஓரத்துல போட்டிருக்கான்.

வித்தவர்கிட்ட போய் கேட்டா அவர் சொன்ன பதில் இருக்கே, "சார், 400 கேவி டவர் லைன்லயே அலுமினியம்தான் போகுது, உங்க கேமராவுக்கு செம்பு கேக்குதா?" ஒரு நிமிஷம் நானே வாயடைச்சு நின்னேன். டவர்ல போறது அலுமினியம்தான், நடுவுல பலத்துக்கு ஸ்டீல், சுத்தி அலுமினியப் புரி. ஆனா அலுமினியம் செம்புல 60 சதவீதம் சொச்சம்தான் கடத்தும்னு தெரிஞ்சே அங்க கம்பியைத் தடியா போடறாங்க, எடையும் செம்புல மூணுல ஒரு பங்குதான், டவருக்கு அதுதான் தோது. வோல்டேஜை ஏத்தி கரண்டையும் குறைச்சிடறாங்க. என் கேபிள்ல கம்பி தலைமுடி கணக்கா இருக்கு, போறது வெறும் 48 வோல்ட், ரெண்டும் ஒண்ணா? இதையெல்லாம் அவர்கிட்ட சொன்னேன். "வெட்டின பெட்டியை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் சார்"னு முடிச்சுட்டார்.

முழு செம்பு வாங்கி திரும்ப இழுத்தாச்சு. போன தடவை எலக்ட்ரீசியன் அண்ணன் கரண்ட் வயர் போற பைப்லயே இதையும் திணிச்சிருந்தார், "இடம் இருக்குல்ல தம்பி"னு. இந்த தடவை பக்கத்துலயே நின்னு தனி பைப் போட வச்சேன். கரண்ட் வயர் தோல் உரிஞ்சு இதுல பட்டா போறது கேமரா மட்டும் இல்ல, கேபிள் முனையில பிளக்கை அழுத்தி மாட்டறவன், அதாவது கிரிம்ப் பண்றவன் கையும்தான்.

அடுத்த அடி நானே வாங்கிக்கிட்டது. மாடி ரூம்ல நெட்வொர்க் ஸ்பீட் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டல, அதுவும் அப்பப்ப கட். டெஸ்டர்? எட்டும் பச்சை! பிளக்ல இருக்கிற எட்டு இடத்துல பச்சை ஜோடியை 3, 4-லயும் நீல ஜோடியை 5, 6-லயும் பக்கத்துல பக்கத்துல வச்சு ரெண்டு முனையிலும் அழகா கிரிம்ப் பண்ணியிருக்கேன். 3-க்கு ஜோடி 6, நீலம் நடுவுல 4, 5-ல உக்காரணும். ஒண்ணா முறுக்கின ஜோடியில போனாதான் பக்கத்து ஜோடியோட சிக்னல் இதுல கலக்காம இருக்கும், நான் ஜோடியைப் பிரிச்சுட்டேன். ரெண்டு முனையும் வெட்டி திரும்ப அடிச்சேன், உடனே 1000 காட்டுச்சு, தனியா நின்னு கை தட்டிக்கிட்டேன்.

ஃபைபர், அதாவது கண்ணாடி இழை கேபிள், வேலை ஒரே நாள்ல முடிஞ்சுது. பச்சைக் கலர் கனெக்டரை நீல சாக்கெட்ல சொருகாதீங்க, பச்சை முனை 8 டிகிரி சாய்வா தேய்ச்சது, நீலத்தோட சரியா ஒட்டாது, அவ்ளோதான்.

கேபிள் வாங்கும்போது பெட்டியைத் தூக்கிப் பாருங்க, 305 மீட்டர் பெட்டி ஒத்தைக் கையில அலேக்கா வந்தா அப்படியே கீழ வச்சிடுங்க. ஒரு முனையைச் சுரண்டிக் காட்டச் சொல்லுங்க, முகம் சுளிச்சா வேற இடம் பாருங்க.

பழைய பெட்டியில இன்னும் பாதி இருக்கு. துணிக்கொடியா கட்டலாம்னு பார்த்தேன், ஈரப் போர்வை போட்டதும் தொங்கிடுச்சு.