பூனைக்கு வீட்டிலேயே டிரிப்ஸ் ஏற்றப் பழகிய கதை

பூனைக்குக் கிட்னி போய்விட்டது, இனிமேல் வீட்டிலேயே டிரிப்ஸ் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட, கையில் ஊசி பாக்கெட்டை வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருப்பவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்களும் அப்படித்தான் விழித்தோம். தமிழில் தேடிப் பார்த்தால் பூனை குறுக்கே போனால் என்ன பலன் என்பதுதான் வந்து நிற்கிறது.

எங்கள் வீடு திருநெல்வேலியில். மிளகு எங்கள் மாடிப்படிக்குக் கீழே பிறந்த நாட்டுப் பூனை, 12 வயது, சாம்பல் நிறம். பகலெல்லாம் ஊர் சுற்றிவிட்டு ராத்திரி அம்மாவின் காலடியில் வந்து படுத்துக்கொள்ளும் ரகம். அவள் குளியலறை வாளியில் எக்கி எக்கித் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தபோது வெயில் காலம், அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் மணல் தட்டு எப்போது பார்த்தாலும் ஈரமாகவே கிடந்தது. காலையில் மஞ்சளாக நுரை நுரையாக வாந்தி. தடவினால் முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. வாயில் ஒரு கெட்ட வாடை. வயசாயிட்டுல்லா என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வயதான பூனை மெலியத்தான் செய்யும் என்று நாம் நம்புவதால்தான் பாதிப் பூனைகளுக்கு இந்த நோய் இருப்பதே தெரியாமல் போகிறது என்று இப்போது தோன்றுகிறது.

டாக்டர் எடை பார்த்தார். முன்பு தடுப்பூசிக்குப் போனபோது 4.2 கிலோ இருந்தவள் 3.1 கிலோவில் நின்றாள். ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, 4.6. பூனைகளின் சிறுநீரக நோயை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள், கிரியேட்டினின் 2.9 முதல் 5 வரை இருந்தால் மூன்றாம் நிலை, ஐந்தைத் தாண்டினால் நான்காவது. அதாவது மிளகு மூன்றின் கடைசியில் இருந்தாள். கெட்டுப்போன சிறுநீரகத்தால் சிறுநீரைச் சுண்ட வைக்க முடியாது, குடிக்கிற தண்ணீரெல்லாம் அப்படியே வெளியே போய்விடும், அதனால் வாளி வாளியாகக் குடித்தாலும் உடம்பு வறண்டுதான் கிடக்கும் என்று டாக்டர் விளக்கினார். மூன்றில் இரண்டு பங்கு வேலை செய்யாமல் போகும்வரை பூனை வெளியே எதையும் காட்டிக்கொள்ளாதாம். போனது திரும்பி வராது. ஆனால் உடம்பு வறளாமல் பார்த்துக்கொண்டால் மிச்சம் இருப்பதை வைத்து நன்றாகவே ஓட்டலாம் என்றார்.

முதல் சில நாட்கள் கிளினிக்கிலேயே முன்னங்காலில் நரம்பு பிடித்து ஏற்றினார்கள். நோயைவிட அந்தப் போக்குவரத்துதான் அவளை வாட்டியது. ஆட்டோவில் ஏறியதும் கத்த ஆரம்பித்து, அங்கே காத்திருக்கும் நாய்களைப் பார்த்துக் கூடைக்குள்ளேயே மூத்திரம் போய், திரும்பி வந்தால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டு சாப்பிடவே மாட்டாள். இதைச் சொன்னதும்தான் டாக்டர், நரம்பில் குத்த வேண்டியதில்லை, தோலுக்கு அடியில் விட்டாலே உடம்பு உறிஞ்சிக்கொள்ளும், அதை நீங்களே செய்யலாம் என்றார். பூனைக்குப் பிடரியில் தோல் தொளதொளவென்று இருக்கிறதே, தாய்ப்பூனை கவ்வித் தூக்குகிற இடம், அங்கேதான். அவளுடைய எடைக்கு ஒரு தடவைக்கு 100 மில்லி எழுதிக் கொடுத்தார். எழுதுவதற்கு முன் ஸ்டெதஸ்கோப் வைத்து இதயத்தை வெகுநேரம் கேட்டார். இதயம் பலவீனமான பூனைக்குத் திரவம் அதிகமானால் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளுமாம். அதனால் இதைப் படித்துவிட்டு உங்கள் பூனைக்கு நீங்களாகவே ஏற்றிவிடாதீர்கள். எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதெல்லாம் பூனைக்குப் பூனை மாறும்.

மெடிக்கல் கடையில் ஒரு கூத்து. சீட்டில் ஆர்.எல். 500 மில்லி என்று தெளிவாக இருக்கிறது, அதாவது ரிங்கர் லாக்டேட், குளுக்கோஸ் கலக்காத உப்புத் திரவம். கடைக்காரர் எடுத்து வைத்தது டி.என்.எஸ். "ஆர்.எல். ஸ்டாக் இல்ல சார், எல்லாம் டிரிப்ஸ்தான், யாருக்கு?" என்றார். பூனைக்கு என்றதும், "அப்ப என்ன சார், இதையே போடுங்க" என்கிறார். டி.என்.எஸ்.ஸில் குளுக்கோஸ் உண்டு, குளுக்கோஸ் கலந்ததைத் தோலுக்கு அடியில் விடக்கூடாது, எரிச்சல் கொடுக்கும், கிருமி சேரும் என்று டாக்டர் ஏற்கெனவே எச்சரித்திருந்ததால் தப்பித்தோம். நம் ஊரில் எந்த டிரிப்ஸையும் குளுக்கோஸ் ஏத்துறது என்றே சொல்லிப் பழகிவிட்டோம், பாட்டில் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. நீங்கள் பாருங்கள்.

ஊசியும் அப்படித்தான். சாதாரணமாகக் கடையில் கொடுப்பது 23 நம்பர், நீல நிற அடி, மெல்லியது. அதில் 100 மில்லி இறங்குவதற்குள் பூனைக்கும் பொறுமை போய்விடும், நமக்கும் போய்விடும். டாக்டர் சொன்னது 18 நம்பர், இளஞ்சிவப்பு அடி. பார்க்கக் கோணி ஊசி மாதிரி இருக்கிறது, அம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஏல, இதக் குத்தவா போற, பாவம்லா அது" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். ஆனால் குத்தும்போது வலி ஒரு நொடிதான், திரவம் சரசரவென்று இறங்கிவிடும். ஒல்லி ஊசியில் நெடுநேரம் பிடித்து வைப்பதைவிடத் தடி ஊசியில் சட்டென்று முடிப்பதுதான் பூனைக்கு நல்லது என்பது என் கட்சி. 20 நம்பர், மஞ்சள், நடுத்தரம். அதுவும் பரவாயில்லை.

செய்முறை. பாட்டிலை வெந்நீர் மக்கில் கொஞ்ச நேரம் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோம், மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் சூடும் தெரியக்கூடாது, குளிர்ச்சியும் தெரியக்கூடாது. இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, ஆனால் பாதிப் பூனைகள் துள்ளிக் குதிப்பது ஊசிக்காக அல்ல, உள்ளே இறங்கும் சில்லென்ற தண்ணீருக்காகத்தான் என்று நான் அடித்துச் சொல்வேன். பாட்டிலை ஜன்னல் கம்பியில் உயரமாகத் தொங்கவிட்டு, குழாயில் காற்றுப் போகக் கொஞ்சம் ஓடவிட்டு மூடிக்கொள்வேன். மிளகு அம்மா மடியில், முகம் அம்மா பக்கம். நான் இடது கையால் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே தோலைக் கூடாரமாகத் தூக்கி, அதன் அடியில் விழும் பள்ளத்தில் ஊசியை உடம்புக்கு இணையாக நுழைப்பேன். மேலிருந்து கீழாகச் செங்குத்தாகக் குத்தக்கூடாது. ஊசி நுழைந்ததும் தோலை மெதுவாக விட்டுவிட்டு, ஊசியை மட்டும் அசையாமல் பிடித்துக்கொண்டு, குழாயில் ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் உருளையை முழுக்கத் திறந்துவிட வேண்டும்.

முடி நனைந்தால் ஊசி மறுபக்கத் தோலைத் துளைத்து வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம், ஆரம்பத்தில் அம்மாவின் சேலை நனையாத நாள் கிடையாது. சொட்டுவது நின்றுவிட்டால் ஊசியை லேசாகத் திருப்பினால் போதும், நுனி சதையில் முட்டிக்கொண்டிருக்கும். குழாயில் ஒரு குமிழ் போனதைப் பார்த்து நான் பதறியதைப் போல நீங்கள் பதற வேண்டாம், நரம்பில்தான் காற்று ஆபத்து, தோலுக்கு அடியில் கொஞ்சம் போனால் தொடும்போது நறநறவென்று இருக்கும், தானாகக் கரைந்துவிடும். எடுத்ததும் அந்த இடத்தைப் பஞ்சால் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் ஒழுகாது. பாட்டிலில் அளவுக்கோடு இருக்கிறது, அதை முன்கூட்டியே மார்க்கரில் குறித்துவிடுங்கள், பூனையைப் பிடித்துக்கொண்டு கோடு எண்ண முடியாது. ஒவ்வொரு தடவையும் புது ஊசி. பாட்டிலும் குழாயும் மாட்டியபடியே இருக்கலாம், ஆனால் மிச்சம் இருந்தாலும் ஒரு வாரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக்கூடாது, கலங்கலாகத் தெரிந்தால் யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும்.

ஏற்றி முடித்ததும் தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு வரும். அது மெல்ல இறங்கி ஒரு பக்க முன்னங்காலுக்கு வந்துவிடும். அம்மா முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, காலையில் காணோம். சில மணி நேரத்தில் உடம்பு இழுத்துக்கொள்கிறது. மறுநாளும் அந்தப் புடைப்பு அப்படியே இருந்தால்தான் கவலை, அடுத்தது ஏற்றாமல் டாக்டரிடம் கேட்க வேண்டும். அதேபோல் பூனை தூங்கும்போது நெஞ்சு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணிப் பழகிக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 30-க்கு மேல் போய்க்கொண்டே இருந்தால் ஏற்றுவதை நிறுத்திவிட்டு உடனே கூட்டிவரும்படி டாக்டர் சொன்னார்.

ஊசி எல்லாம் ஒரு விஷயமே இல்லை, உண்மையான பாடு சாப்பாட்டில்தான். ஏற்றியதும் வாந்தி குறைந்து பசி வந்தது, ஆனால் அவளுக்குப் பிடித்ததெல்லாம் இப்போது ஆகாது. பாஸ்பரஸ் குறைவாக இருக்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் வளர்ந்த பூனைக்கு மெனு என்ன? முள்ளோடு அவித்த நெத்திலி, சாளைத் தலை, அம்மா கண்ணில் படாமல் அப்பா போடும் கருவாடு, ராத்திரி பால் சோறு. எலும்பிலும் பாலிலும் பாஸ்பரஸ், கருவாட்டில் உப்பு. சிறுநீரக நோய்க்கென்று விற்கும் தீனியை வாங்கி வைத்தால் மோந்து பார்த்துவிட்டு, மணலை மூடுவது போலத் தரையைப் பிறாண்டி அதை மூடப் பார்க்கிறாள்! பிடிக்காத தீனியை வைத்துப் பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பூனை சில நாள் சாப்பிடாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அது தனிப் பிரச்சினையாகிவிடும். சரியான சாப்பாட்டைச் சாப்பிடாமல் இருப்பதைவிடச் சரியில்லாததைச் சாப்பிடுவது மேல் என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தோம். உப்புப் போடாமல் அவித்த கோழிச் சதை, எலும்பில்லாமல், அது வெந்த தண்ணீரோடு. முட்டையில் வெள்ளைக்கரு மட்டும், மஞ்சள் கருவில்தான் பாஸ்பரஸ் அதிகம். இதோடு அந்த விலையுயர்ந்த தீனியை நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டிக் கலந்து பிசைந்து, மேலே முள் எடுத்த மீன் ஒரு விரல் நுனி அளவு. மீன் வாசத்துக்காகத்தான் மற்றதையும் சாப்பிடுகிறாள். அப்பாவிடம் கருவாட்டை நிறுத்தச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய், அப்புறம் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையே அவர் கையில் கொடுத்தேன். அவருக்கும் கிரியேட்டினின் எல்லைக் கோட்டில் இருப்பதால் அந்த எண்ணைப் பார்த்ததும் பேசாமல் இருந்துவிட்டார்.

இன்னொன்று, பூனை முடங்கிக் கிடக்கிறதே என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலை உடைத்துக் கொடுக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. பூனைக்கு அது விஷம், கொன்றேவிடும்.

கடைசியாக எடுத்த பரிசோதனையில் கிரியேட்டினின் 3.4. எடை 3.5 கிலோ. நோய் போய்விடவில்லை, போகவும் போகாது, ஆனால் மறுபடியும் மதில்மேல் ஏறி உட்காருகிறாள். இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள்தான் ஏற்றுகிறோம். நான் வேலை விஷயமாக வெளியூர் போகும் நாட்களில், உள்ளே எழுந்து போன அதே அம்மாதான் குத்துகிறாள், என்னைவிட வேகமாக. பாட்டில் ஒன்று நூறு ரூபாய்க்குள் முடிகிறது, கிளினிக்குக்கு ஆட்டோவில் போய்வந்த செலவில் ஒரு மாதத்துக்கு வாங்கலாம். பயன்படுத்திய ஊசிகளை மூடி போட்ட ஒரு காலி ஹார்லிக்ஸ் டப்பாவில் போட்டு வைத்து, நிறைந்ததும் கிளினிக்கில் கொடுத்துவிடுகிறோம். வீட்டுக் குப்பையில் போடாதீர்கள், குப்பை எடுக்க வருகிற அக்கா பெரும்பாலும் வெறுங்கையால்தான் பிரிக்கிறார்.