மஞ்சள் போர்டு வண்டி ஓடியது, சலான் என் காருக்கு வந்தது

அதிவேகம், அபராதம் 1000 ரூபாய் என்று மெசேஜ் வந்தது. சலான் போட்டது நான் போயே பல வருஷம் ஆன ஒரு மாவட்டத்து நெடுஞ்சாலையில். முதலில் மோசடி மெசேஜ் என்றுதான் நினைத்தேன். வாட்ஸ்அப்பில் சலான் என்ற பெயரில் ஏபிகே ஃபைல் (போனில் செயலியை ஏற்றிவிடும் ஃபைல்) வந்தால் தொடவே தொடாதீர்கள். மத்திய அரசின் வாகனச் சேவைத் தளமான பரிவாஹனை நீங்களே திறந்து பாருங்கள், முகவரி gov.in என்று முடிகிறதா என்று கவனியுங்கள். வண்டி எண், சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கம், ஓடிபி எல்லாம் போட்டுப் பார்த்தேன். சலான் நிஜம்தான்.

கூடவே படமும் இருந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்த்ததும் ரத்தம் கொதித்தது. என்னுடையது வெள்ளை வேகன்ஆர். படத்தில் பறப்பதோ தார்ப்பாய் கட்டிய சரக்கு பிக்கப். மஞ்சள் நம்பர் பிளேட், மேலே சேறு. அதில் 6 என்று இருப்பதை யாரோ, அல்லது எதுவோ, 8 என்று படித்திருக்கிறது. அந்தப் படத்தை உடனே இறக்கி வைத்துக்கொண்டேன். உங்களுக்கு வந்தாலும் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.

தளத்திலேயே புகார் கொடுக்க வழி இருக்கிறது. ஆர்சி, என் காரின் முன்பக்கப் படம் எல்லாம் ஏற்றினேன். டிக்கெட் எண் வந்தது. அதற்கப்புறம் சத்தமே இல்லை.

உள்ளூர் போக்குவரத்துக் காவல் அலுவலகத்தில், "சலான் போட்ட ஊருக்குத்தான் சார் போகணும்" என்றார்கள். சரி என்று பஸ் ஏறினேன். அன்றைக்கு அங்கே யாரோ அமைச்சர் வருகை, அதிகாரி பந்தோபஸ்துக்குப் போய்விட்டார். அடுத்த தடவை போனபோது எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஆயிரம் ரூபாதானே, கட்டிட்டுப் போயிடுங்க. இதுக்குன்னு இவ்ளோ தூரம் வரணுமா?" என்றார். கட்டினால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்ட்டை நீட்டினேன். அந்தத் தேதியில் என் கார் எந்தச் சுங்கச்சாவடியும் தாண்டவில்லை. "இதெல்லாம் செல்லாது சார். இன்ஸ்பெக்டர் பேருக்கு லெட்டர் எங்கே?" லெட்டர் வேண்டுமென்று முன்னால் எவரும் சொல்லவில்லை. எதிர் ஜெராக்ஸ் கடையில் வெள்ளைத்தாள் வாங்கி, நின்றுகொண்டே எழுதினேன்.

கையில் 167ஏ விதியின் பிரிண்டும் இருந்தது. 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்தது. கேமரா வைத்துக் கண்காணிக்கும் இடத்தில் கண்ணில் படுகிற மாதிரி எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும். சலானில் நம்பர் பிளேட் தெளிவாகத் தெரிகிற படமும் கருவி அளந்த வேகமும் இருக்க வேண்டும். நோட்டீஸ் 15 நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்றது அந்த 2021 விதி. எழுத்தர் அதைத் தொடவே இல்லை. கடைசியில் காரியத்தை முடித்தது விதி அல்ல, மஞ்சள் நிறம். உள்ளேயிருந்து வந்த எஸ்.ஐ. என் போனை வாங்கி, இரண்டு விரலால் படத்தை இழுத்துப் பார்த்தார். "யோவ், இது மஞ்ச போர்டுய்யா! இவர் சொந்த வண்டி வச்சிருக்கார்" என்று எழுத்தரைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படத்தில் இருக்கிற வண்டி எந்த வகை என்று பார்ப்பது வேகக் கணக்குக்கும் உதவும். சென்னையில் 2023 நவம்பரில் வந்த வேக வரம்பு, மணிக்கு கிலோமீட்டரில்: காருக்கு 60, பைக்குக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் எல்லாருக்கும் 30. 55-இல் போன காரை பைக் கணக்கில் சேர்த்தால் சலான்தான்.

இழுத்தடித்தால் வழக்கு மெய்நிகர் நீதிமன்றத்துக்கு, அதாவது ஆன்லைன் கோர்ட்டுக்கு, போய்விடலாம். அங்கே அபராதம் கட்டுகிறேன், வழக்காடுகிறேன் என்று இரண்டு பொத்தான் இருக்கும். வழக்காடுகிறேன் என்றால் வழக்கமான கோர்ட்டுக்கு அலைய வேண்டும். அதனால் அதற்கு முன்பே காவல்துறையிடம் முடித்துக்கொள்வது நல்லது. கொடுத்த லெட்டரின் நகலில் சீலும் கையெழுத்தும் வாங்காமல் இடத்தை விட்டு நகராதீர்கள்.

சலான் ரத்தானதற்கு எனக்கு மெசேஜ் எதுவும் வரவில்லை. தினமும் தளத்தில் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் காலையில் பாக்கி எதுவும் இல்லை என்று காட்டியது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, ஆர்சி ஜெராக்ஸோடு காரிலேயே வைத்திருக்கிறேன். அந்த பிக்கப் இன்னும் சேற்றோடுதான் ஓடிக்கொண்டிருக்கும்.