அற்புதம் சாட்சியாகாது

எங்கள் கல்லூரியில் வேதாகமப் பாடம் எடுத்த மாஸ்டர் ஒருநாள் எகிப்திலிருந்து தப்பிப்போன இஸ்ரவேலருக்காகச் செங்கடல் பிளந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பின் வாங்கிலிருந்து ஒருவன், "சேர், இதை நம்பத்தான் வேணுமோ?" என்று கேட்டான். மாஸ்டர் கோபிக்கவில்லை. யாத்திராகமம் 14ஆம் அதிகாரத்தில், இரவு முழுவதும் பலத்த கீழ்க்காற்று வீசியது என்று வரும் இடத்தை அவனையே வாசிக்க வைத்தார். "யூதர் இதைப் பற்றி இன்னும் வாதாடுகினம். நீயும் வாதாடு" என்றார்.

லண்டனுக்கு வந்தபின் யூத நூல்களின் பக்கம் என்னை இழுத்தது அந்தப் பதில்தான்.

எகிப்தில் வைத்தியராக வாழ்ந்து 1204இல் மறைந்த யூத அறிஞர் மைமோனிடீஸ், இஸ்ரவேலர் தங்கள் தலைவர் மோசேயை நம்பியது அவர் செய்த அற்புதங்களுக்காக அல்ல என்று அடித்துச் சொல்கிறார். எகிப்தியரை மூழ்கடிக்க வேண்டியிருந்தது, கடல் பிளந்தது. சனங்களுக்குப் பசித்தது, மன்னா என்ற உணவு வானத்திலிருந்து வந்தது. அற்புதத்தைக் கண்டு நம்புகிறவனின் மனதில், இது மந்திர வித்தையோ என்ற சந்தேகம் ஒட்டிக்கொண்டே இருக்குமாம். கடவுள் கட்டளைகளைத் தந்த சீனாய் மலையில் எல்லாரும் தாங்களே கண்டதிலும் கேட்டதிலும்தான் நம்பிக்கை நிற்கிறது என்பது அவர் வாதம்.

ஆனால் என்னை உலுக்கியது யூத அறிஞர்களின் சட்ட விவாதங்களைத் தொகுத்த தல்மூத் நூலில் வரும் அடுப்பு வழக்கு. துண்டுகளாக வெட்டி, இடையில் மணல் வைத்துச் சேர்த்த ஒரு மண் அடுப்பு தீட்டுப்படுமா என்பது கேள்வி. படாது என்கிறார் ரபி எலியேசர் (ரபி என்றால் யூத மத குரு). மற்ற எல்லாரும் எதிர்ப்பக்கம். "நான் சொல்வது சரியென்றால் இந்தக் கரோப் மரம் காட்டட்டும்" என்கிறார். மரம் நூறு முழம் தள்ளிப் போய் நிற்கிறது. மரம் சாட்சியாகாது என்கிறார்கள். வாய்க்கால் தண்ணீர் எதிர்த்திசையில் ஓடுகிறது. அதுவும் செல்லாது. மண்டபச் சுவர்கள் சாய, ரபி யோசுவா சுவர்களையே அதட்டுகிறார். கடைசியில் வானத்துக் குரலே எலியேசருக்காகப் பேசுகிறது. யோசுவா எழுந்து உபாகம வசனத்தைச் சொல்கிறார்: "அது வானத்தில் இல்லை." அது என்றால் கடவுள் தந்த சட்டம். பெரும்பான்மை முடிவே நின்றது. "என் பிள்ளைகள் என்னை வென்றுவிட்டார்கள்" என்று கடவுள் சிரித்தாராம்.

பலரும் கதையை இந்தச் சிரிப்போடு நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் நடந்ததையும் வாசிக்க வேண்டும். எலியேசரைச் சபையிலிருந்து விலக்கினார்கள். அந்தச் செய்தியைச் சொல்லப் போனவர் அவருடைய மாணவரான ரபி அகிபா. துக்கத்துக்குக் கறுப்பு உடுத்துப் போய், விலக்கப்பட்டவரை நெருங்காமல் நாலு முழம் தள்ளி உட்கார்ந்தார். குரு அழுதார். அவர் மனம் நொந்ததால் உலகத்துக்கே கேடு வந்தது என்று, வென்ற பக்கத்தின் நூலே எழுதிவைத்திருக்கிறது. மரம் நகர்ந்ததைவிட எனக்கு இதுதான் பெரிது.